‘நீங்களே சொல்லுங்க மேடம்’: பதில் தெரியாத இடத்தில் ஒரு கவுன்சலர் என்ன செய்கிறார்?

“நான் அவரோட சேர்ந்தே இருக்கணுமா, பிரிஞ்சு வந்திடணுமா? நீங்களே சொல்லுங்க மேடம்.”

கவுன்சலிங் அறைகளில் அடிக்கடி விழும் கேள்வி இது. கேட்பவர் பல மாதம் தயங்கியிருப்பார். வீட்டில் ஏதோ காரணம் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வந்து, பணமும் கட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். பதிலை எதிர்பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு உண்மையிலேயே பதில் தெரியாது. அந்தக் கணவரை அவர் பார்த்ததுகூட இல்லை. கேட்ட கதையில் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரியாது. பிரிந்தால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை எப்படிப் போகும், பிரியாவிட்டால் எப்படிப் போகும் என்பதை யாராலும் கணிக்க முடியாது.

அந்த நேரத்தில் கவுன்சலர் மனதில் என்ன ஓடுகிறது, அந்தத் தெரியாமையை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று நம்மிடையே யாரும் அதிகம் பேசுவதில்லை. தலையாட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பதுதான் வெளியே தெரிகிறது. ஆனால் அந்த வேலையின் கடினமான பகுதியே அதுதான்.

நாம் வைத்திருக்கும் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘உளவியல் ஆலோசகர்’ என்கிறோம். ஆலோசனை என்றால் யோசனை சொல்வது. சொல்ல யோசனை இல்லாதவர் எதற்கு என்று தோன்றத்தான் செய்யும். இலங்கைத் தமிழர்கள் இதே வேலையை ‘உளவளத்துணை’ என்கிறார்கள். ‘ஆற்றுப்படுத்தல்’ என்ற சொல்லும் அங்கே புழக்கத்தில் உண்டு. ஆறு என்றால் வழி. பழைய ஆற்றுப்படைப் பாட்டுகளில் பரிசில் பெற்று வரும் பாணன் எதிரே வருபவனுக்கு வழி காட்டுவான். நடக்க வேண்டியது வழி கேட்டவன்தான். ஆலோசனையைவிட இந்தச் சொற்கள் உண்மைக்கு நெருக்கமானவை என்பது என் எண்ணம். அதிலும் ‘துணை’ என்ற சொல், முடிவு தெரியாத பயணத்துக்கும் பொருந்துகிறது.

சரி, பதில் தெரியாதபோது ஒரு புதிய கவுன்சலர் என்ன செய்வார்? பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பேச்சால் நிரப்பிவிடுவார். “எல்லாம் சரியாகிடும்”, “குழந்தைகளுக்காகக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்”, இல்லாவிட்டால் ஒரு மூச்சுப் பயிற்சி. இதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். எதிரில் ஒருவர் அழும்போது ஒன்றும் தராமல் உட்கார்ந்திருப்பது உடம்பளவிலேயே வலிக்கிற காரியம். ஆனால் அந்த அவசரப் பதில் முதலில் ஆற்றுவது வந்தவரின் வலியை இல்லை, கவுன்சலரின் பதற்றத்தை.

சில நோய்களில் இந்த ஆறுதல் நேரடியாகவே கெடுதல் செய்யும். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். “கேஸை மூடினேனா இல்லையா?” என்று ஒருவர் நாளுக்கு நாற்பது முறை கேட்கிறார். வீட்டில் இருப்பவர் நாற்பது முறையும் “மூடிட்டீங்க” என்கிறார். ஒவ்வொரு பதிலும் பத்து நிமிட நிம்மதியைத் தந்துவிட்டு அடுத்த கேள்விக்கு விதை போடுகிறது. லண்டனில் வேலை பார்த்த விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-ல் இந்த நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த சிகிச்சைமுறை, இன்றும் இந்நோய்க்கு முதன்மையான பேச்சுச் சிகிச்சை. அதில் சிகிச்சையாளர் பதிலே தருவதில்லை. “மூடியிருக்கலாம், மூடாமலும் இருந்திருக்கலாம். போய்ப் பார்க்காமல் கொஞ்ச நேரம் இப்படியே இருந்து பார்ப்போமா?” என்பார். தெரியாத நிலையைத் தாங்கலாம், அது தானாகவே தணியும் என்று வந்தவர் உடம்பால் கற்றுக்கொள்கிறார். அதைக் கற்றுத் தருபவருக்கே அந்த நிலையைத் தாங்க முடியாவிட்டால், பாதியில் இரக்கப்பட்டுப் பதிலைச் சொல்லிவிடுவார். அந்த அமர்வு வீண்.

இந்தத் தாங்கும் திறனுக்கு ஒரு பெயர் வைத்தவர் கவிஞர் ஜான் கீட்ஸ். முறையாக மருத்துவம் படித்து 1816-ல் உரிமம் வாங்கியவர், பிறகு கவிதைக்காக அதை விட்டார். 1817 டிசம்பரில் தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தில், ஐயங்களுக்கும் புதிர்களுக்கும் நடுவே, காரணத்தைத் தேடிப் பதற்றத்தோடு துழாவாமல் இருக்கத் தெரிவதுதான் பெரிய படைப்பாளியின் குணம் என்று சொல்லி, அதை ‘நெகடிவ் கேப்பபிலிட்டி’ என்றார். சுமார் நூற்றைம்பது ஆண்டு கழித்து அந்தச் சொல்லை உளப்பகுப்பாய்வுக்குள் கொண்டுவந்தவர் வில்ஃப்ரெட் பியான். இவர் நம் நாட்டில் பிறந்தவர், 1897-ல், மதுராவில். எட்டு வயதில் இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர் பிறகு இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. முதல் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரியாக இருந்தார். அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் தெளிவாக யோசிப்பது எவ்வளவு கடினம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

1967-ல் அவர் எழுதிய ஒரு சிறு குறிப்பு இன்றும் விவாதிக்கப்படுகிறது. அமர்வுக்குள் போகும்போது நினைவையும் விருப்பத்தையும் வெளியே விட்டுவிட்டுப் போ என்றார். போன வாரம் என்ன சொன்னார் என்ற நினைவும், இவரைக் குணமாக்கிவிட வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டால், இப்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படமாட்டார் என்பது அவர் கவலை. இதை அப்படியே பின்பற்ற முடியாது. போன வாரம் சொன்னதை மறந்துவிட்டு வரும் கவுன்சலரிடம் யார் திரும்பப் போவார்கள்? ஆனாலும் அவர் எச்சரித்த ஆபத்து நிஜமானது. ‘இது அப்பா பிரச்சினைதான்’ என்று மூன்றாவது அமர்வில் முடிவுகட்டிவிட்ட கவுன்சலர், நான்காவது அமர்வில் அப்பாவைப் பற்றி மட்டும்தான் கேட்பார்.

அமெரிக்காவின் டெக்சாஸில் குடும்ப சிகிச்சை செய்துவந்த ஹார்லின் ஆண்டர்சனும் ஹெரால்ட் கூலிஷியனும் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தார்கள். அவர்கள் வைத்த பெயரை ‘அறியா நிலை’ என்று தமிழில் சொல்லலாம். மனித மனத்தைப் பற்றிக் கவுன்சலருக்கு நிறையத் தெரிந்திருக்கலாம். ஆனால் எதிரில் இருக்கும் ஒருவரின் வாழ்க்கையில் நிபுணர் அந்த ஒருவர் மட்டும்தான். அதனால் ஏற்கெனவே விடை வைத்திருக்கும் கேள்விகளைக் கேட்காமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்றார்கள். முதலில் பார்த்த பெண்ணிடம் ஒரு தேர்ந்த கவுன்சலர் இப்படிச் சொல்லக்கூடும்: “இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இருக்கற மாதிரி நடிச்சா அது உங்களுக்கு நல்லதும் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கணும். இந்தக் கேள்வியை முதல்முதல்ல எப்ப உங்களுக்குள்ளயே கேட்டீங்க? அன்னைக்கு என்ன நடந்தது?” இங்கே பதில் மறுக்கப்படவில்லை. வந்தவரைத் தனியே தவிக்க விடவும் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவுன்சலர் இதற்குமுன் பார்த்துவிட்டிருக்க வேண்டும்: வீட்டில் அடி உதை இருக்கிறதா என்று. இருந்தால் பொறுமையாக ஆராய்வதற்கு நேரமில்லை. முதல் வேலை பாதுகாப்பு.

இதுவரை சொன்னது, தெரியாது என்று கவுன்சலருக்கே தெரிந்த இடங்களைப் பற்றி. அதைவிடச் சங்கடமானது, தெரியும் என்று நம்பி ஏமாறும் இடங்கள்.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாம்பர்ட் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சிகிச்சையில் இருந்த 550 பேரில் யார் யார் மோசமாகப்போகிறார்கள் என்று அவரவர் சிகிச்சையாளர்களிடமே கேட்டார்கள். வழக்கமாக நூற்றில் எட்டுப் பேர் அளவுக்கு மோசமாவார்கள் என்ற தகவலையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சிகிச்சையாளர்கள் மூன்று பேரைக் குறித்தார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். குறித்த மூவரில் சரியாக அமைந்தது ஒருவர் மட்டும். 2012-ல் ஸ்டீவன் வால்ஃபிஷும் சகாக்களும் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், 129 மனநல வல்லுநர்களிடம் சக வல்லுநர்களோடு ஒப்பிட்டுத் தங்களுக்கே மதிப்பெண் போடச் சொன்னார்கள். தன்னைச் சராசரிக்குக் கீழே வைத்தவர் ஒருவர்கூட இல்லை.

வந்தவர்களும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 547 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் 93 சதவீதம் பேர் தங்கள் சிகிச்சையாளரிடம் ஏதோ ஒன்றில் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் அதிகம் சொன்ன பொய், தன் வேதனையைக் குறைத்துக் காட்டியது. மரியாதைக்காக, பயத்துக்காக, டாக்டர் மனம் நோகக்கூடாதே என்பதற்காக “இப்ப பரவாயில்ல மேடம்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். கவுன்சலர் அதை நம்பி நிம்மதியாக அடுத்தவரைக் கூப்பிடுவார்.

அதனால்தான் உள்ளுணர்வை மட்டும் நம்பாமல் அமர்வுக்கு அமர்வு கேட்டு எழுதி வாங்கும் பழக்கம் வந்தது. லாம்பர்ட் குழு உருவாக்கிய கேள்வித்தாளில் 45 கேள்விகள். ஸ்காட் மில்லர், பாரி டங்கன் போன்றவர்கள் அதை இன்னும் எளிமையாக்கி, பத்து சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடுகள் மட்டும் போட்டார்கள். கோட்டில் எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு குறி வைத்தால் போதும். அமர்வின் முடிவிலும் நான்கு கோடுகள்: இன்று நீங்கள் பேச வந்ததைப் பேசினோமா, என் பேச்சு உங்களுக்கு ஒத்துவந்ததா என்பது போல. முகத்துக்கு நேரே “நீங்க என்னைப் புரிஞ்சுக்கல” என்று சொல்லத் தயங்குகிற நம் ஊரில், பேனாவால் ஒரு குறி வைக்கும் இந்த வசதி பெரிய உதவி என்று நினைக்கிறேன். குறி கீழே இறங்கினால் கவுன்சலருக்கு முகம் சுண்டும்தான். ஆனால் அந்த நபர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் நின்றுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்படியானால் தன்னைச் சந்தேகிக்கும் கவுன்சலர்தான் நல்ல கவுன்சலரா? நார்வேயில் ஹெலன் நிசன்-லீயும் சகாக்களும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ‘நான் இவருக்கு உண்மையில் உதவுகிறேனா’ என்ற தொழில் சார்ந்த ஐயம் உள்ள சிகிச்சையாளர்களிடம் வந்தவர்கள் கூடுதலாக நலம் பெற்றது தெரிந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் தெரிந்தது. அந்தச் சிகிச்சையாளர் மனிதராகத் தன்னிடம் அன்பாக இருப்பவராக இருந்தால்தான் அந்த ஐயம் நன்றாக வேலை செய்தது. தன்னையே திட்டிக்கொள்பவரிடம் ஐயம் ஒரு புழுபோல அரிக்கும். தன்மேல் கருணை உள்ள ஒருவரை அது திரும்பிப் பார்க்க வைக்கும், கேட்க வைக்கும், மன்னிப்புக் கேட்கவும் வைக்கும்.

பொறுத்திருக்க முடியாத ஒரு தெரியாமையும் உண்டு. எதிரில் இருப்பவர் அடுத்த வாரம் உயிரோடு வருவாரா?

டெக்சாஸில் அலெக்ஸ் பொகோர்னி என்ற மனநல மருத்துவர், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைக்கு வந்த 4,800 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1983-ல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் 67 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த 67 பேரை முன்கூட்டியே அடையாளம் காட்டும் கணக்கு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆபத்தில் இருப்பதாகக் கணித்த மிகப் பலர் உயிரோடு இருந்தார்கள். ஆபத்தில்லை என்று கணித்த சிலர் இறந்தார்கள். ஜோசஃப் ஃப்ராங்க்ளின் குழு 2017-ல் ஐம்பது ஆண்டு ஆய்வுகளை, மொத்தம் 365 ஆய்வுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நம் கணிப்பு குருட்டு யூகத்தைவிடச் சற்றுதான் மேல் என்று தெரியவந்தது.

இதைக் கேட்டால் கை சோர்ந்துபோகும். ஆனால் கணிக்க முடியாது என்பதை நேர்மையாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் பயனுள்ள வேலைகள் நடந்திருக்கின்றன. முதலாவது, நேராகக் கேட்பது. “சாகணும்னு தோணுதா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. பலருக்கு அப்பாடா என்று இருக்கிறது. இரண்டாவது, பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம். ‘இவர் செய்துகொள்வாரா மாட்டாரா’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த இரவு வந்தால் என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுகிறார்கள். எனக்கு முற்றுகிறது என்பதை எந்த அறிகுறியால் தெரிந்துகொள்வேன், தனியாக என்ன செய்து பார்ப்பேன், யார் வீட்டுக்குப் போவேன், யாரிடம் மனம்விட்டுச் சொல்வேன், எந்த எண்ணுக்குப் போன் செய்வேன், வீட்டில் ஆபத்தான பொருளை யாரிடம் கொடுத்து வைப்பேன். தேவைப்பட்டால் ரகசியம் காப்பதை மீறி வீட்டாருக்குச் சொல்வேன் என்பதைக் கவுன்சலர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஆபத்தான பொருளைக் கைக்கெட்டாமல் வைப்பது என்ற அந்த வரிக்குத் தமிழ்நாட்டில் ஒரு முக்கியமான சான்று இருக்கிறது. சென்னையில் 1986-ல் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஒரு முயற்சி செய்தார்கள். வீட்டுப் பரணில் இருக்கும் பூச்சிமருந்தை ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில், ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பூட்டுப் பெட்டியில் வைக்கச் செய்தார்கள். 2013-ல் வெளியான முடிவுகளின்படி அந்தக் கிராமங்களில் தற்கொலைகள் குறைந்தன. யார், எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வேகம் வரும் கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ அப்படி ஒரு நேரம் என்றால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில தெரியாமைகள் எத்தனை அமர்வுக்குப் பிறகும் தீராது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வேலை செய்யும் உளவளத்துணையாளர்கள் இதை அறிவார்கள். போரின் முடிவில் ராணுவத்திடம் கையளித்த மகன், வாகனத்தில் ஏற்றிச் செல்லப்பட்ட கணவன், எங்கே என்று இன்றுவரை பதில் இல்லை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-ல் தாய்மார் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. திவசம் கொடுப்பதா வேண்டாமா, பொட்டு வைப்பதா அழிப்பதா, பிள்ளையின் கல்யாணப் பத்திரிகையில் தகப்பன் பெயரை எப்படிப் போடுவது? ஒவ்வொரு சிறு முடிவும் ‘அவர் இறந்துவிட்டார்’ என்றோ ‘இருக்கிறார்’ என்றோ தீர்ப்புச் சொல்வதுபோல ஆகிவிடுகிறது.

அமெரிக்காவின் பாலின் பாஸ் என்ற குடும்ப சிகிச்சையாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு பேசி, இந்தத் துயரத்துக்குத் தனி இலக்கணம் வேண்டும் என்று கண்டுகொண்டவர். முடிவு தெரியாத இழப்பு என்று அதைச் சொல்லலாம். “அவர் போய்விட்டார், ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று கவுன்சலர் சொன்னால் அந்தத் தாய்க்கு அது துரோகம். “கட்டாயம் வருவார்” என்றால் அது பொய். பாஸ் காட்டும் வழி இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது: அவர் இல்லாமல் இருக்கலாம், திரும்பி வரவும் கூடும், நான் காத்தும் இருக்கிறேன், அதேநேரம் சமைக்கிறேன், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கும் கூட்டிப்போகிறேன். இலங்கைச் சட்டம்கூட 2016-ல் இந்த இரண்டும்கெட்டான் நிலைக்கு இடம் கொடுத்தது. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெறலாம் என்று திருத்தம் வந்தது. பல தாய்மாருக்கு அதுவும் போதவில்லை. அவர்கள் கேட்பது உண்மையை, அதை எந்தக் கவுன்சலராலும் தர முடியாது. இதை உளநோய் என்று பெயரிடாமல், நீதி கிடைக்காததன் வலி என்று புரிந்துகொண்டு கூட இருப்பவர்தான் அங்கே துணையாக முடியும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் கவுன்சலர் அதை எங்கே இறக்கி வைப்பார்? அதற்குத்தான் மேற்பார்வை, ஆங்கிலத்திலேயே சூப்பர்விஷன் என்று எல்லோரும் சொல்வது. தன் அமர்வுகளை, வந்தவரின் அடையாளம் மறைத்து, அனுபவம் மிக்க இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லிப் பேசும் ஏற்பாடு. பயிற்சியின் கட்டாயப் பகுதியாக இது 1920-களின் பெர்லினிலேயே உருவாகிவிட்டது. கார்ல் ரோஜர்ஸ் ஓர் ஆலோசனையின் முழு ஒலிப்பதிவையும் எழுத்தாக்கி 1942-ல் அச்சிட்டதும் இதே தேவைக்காகத்தான்: மூடிய அறைக்குள் என்ன நடந்தது என்று மற்றவர்களும் பார்த்துத் திருத்த. இங்கிலாந்தின் கவுன்சலர் சங்கமான பிஏசிபி, தன் அங்கீகாரம் பெற்றவர்கள் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் மாதம் ஒன்றரை மணி நேரமாவது மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது.

நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கவுன்சலர் வேலைக்கு வருபவர்கள் பலர், பட்டம் வாங்கிய கையோடு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாக நிறுத்தப்படுகிறார்கள். கையை அறுத்துக்கொண்ட பிள்ளை மதியம் மூன்று மணிக்கு வந்து உட்காரும்போது, “எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல” என்று போன் செய்து கேட்க அவர்களுக்கு ஆள் இருப்பதில்லை. நிர்வாகங்கள் சம்பளத்தைப் பேசுகின்றன, அறையை ஒதுக்குகின்றன, மேற்பார்வைக்கான நேரத்தையும் பணத்தையும் ஒதுக்குவது அரிது. அடுத்தமுறை உங்கள் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, கவுன்சலர் இருக்கிறாரா என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: அவர் யாரிடம் போய்ப் பேசுகிறார்?